கம்புக்காரனுக்குக் கட்டா

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, அதனால் ஊர்ப் பேச்சில் குறை ஒன்றும் இல்லை. சிவகிரிப் பக்கம் மஞ்சள் வெட்டு எப்போது ஆரம்பம் என்று எழுது. வேக வைத்த மஞ்சளைக் கொட்டுகிற வரைக்கும்தானே களம் உனக்கு?

"இத்தனை வருசம் கம்பு சுத்திப்போட்டு, இப்ப கராத்தே வகுப்புல வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கிட்டு காத்தோட சண்டை போட்டுட்டிருக்கறேன்" என்று எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது. சிலம்பத்தில் தனித்திறமை என்று ஒருத்தனே களத்தில் நின்று வீசுகிறானே, அவன் மட்டும் யாரோடு சண்டை போடுகிறான்? சிலம்ப வரிசையும், கராத்தேயில் அசைவுகளைக் கோத்துத் தனியாகச் செய்கிற கட்டாவும் வேலையில் ஒன்றுதான். ஆள் இல்லாதபோதும் உடம்புக்கு வழி மறந்துவிடக் கூடாது என்று கட்டி வைத்தவை. உன் சிக்கல் வேறு. உன் காலுக்கு ஏற்கெனவே ரொம்பத் தெரியும். அதில் பாதி உனக்கு உதவும், பாதி தடுக்கும். எது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் பேர்க் குழப்பம். உங்கள் மாஸ்டர் ஷோட்டோகான் பாணி என்பதால் நீ கற்கிற முதல் கட்டாவுக்குப் பேர் ஹெயான் ஷோடான். உன் அக்கா பையன் போகிற வகுப்பு ஷிட்டோ ரியு பாணி என்றால் அதே கட்டாவை அங்கே பினான் நிடான் என்பார்கள். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இடோசு ஆன்கோ என்ற ஆசான் 1900களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அமைத்தவை பினான் கட்டா ஐந்தும். ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, பினானை ஹெயான் ஆக்கினார். இரண்டாவது சுலபமாக இருந்ததால் அதை முதலுக்குக் கொண்டு வந்தார். ஆகவே மாமனும் மருமகனும் பேரை வைத்துச் சண்டை போட வேண்டாம்.

போதிதர்மர் பேச்சையும் வகுப்பில் எடுக்காதே. காஞ்சிபுரத்தில் இருந்துதான் எல்லாம் போனது என்று மேடையில் பேசக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கராத்தேயின் தடம் தெளிவாகத் தெரிவது ஒகினாவாவிலும், அதற்கு முன் சீனாவின் ஃபூஜியன் கரையிலும்தான். சிலம்பத்தின் பெருமைக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை.

சரி, காலுக்கு வருவோம். ஹெயான் ஷோடானில் 21 அசைவு, முழு வேகத்தில் செய்தால் முக்கால் நிமிடத்துக்குள் முடியும். நடக்கிற கோட்டுக்கு எம்புசென் என்று பெயர். இதற்கு அது படுக்கைக்கோடு மேலொன்று கீழொன்று, நடுவில் ஒரு தண்டு. களத்தில் கோலமாவால் போட்டுக்கொள். தண்டு பத்துப் பதினோரு அடி, நீ நிற்கிற இடத்தில் இருந்து இரண்டு பக்கமும் ஆறாறு அடி. காலடி பழக மண்ணில் கட்டம் கீறுவாயே, அதே மாதிரி. தொடங்குகிற இடத்தில் ஒரு வட்டம் போட்டு வை. கட்டா முடிந்து நீ அந்த வட்டத்திலேயே வந்து நிற்க வேண்டும். நிற்க மாட்டாய். எங்கே வந்து நிற்கிறாய் என்பதுதான் உனக்கு முதல் வாத்தியார். வட்டத்துக்கு முன்னால் முடிந்தால், தலைக்கு மேல் தடுக்கும் மூன்று அகே உகேயோடு முன்னே போன நடை நீளம், மூன்று குத்தோடு திரும்பி வந்த நடை குட்டை என்று அர்த்தம். பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். குத்தும்போது அவசரத்தில் கால் முழுதாகப் போய் ஊன்றுவதற்குள் கை கிளம்பிவிடும், நடை சுருங்கிவிடும். பக்கவாட்டில் தள்ளி முடிந்தால் கோளாறு திரும்பும் இடத்தில்.

திரும்பும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், கம்புக்காரன் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஒன்பதாவது அசைவில் கடைசி அகே உகே, கூடவே கியாய் என்கிற கத்தல். வலது கால் முன்னால். அங்கிருந்து இடதுபுறமாக 270 டிகிரி சுற்றி, இடது கையால் கீழ்த் தடுப்பு, அதாவது கெடான் பராய். ஊன்றுவது வலது கால், நகர்வது இடது கால். உனக்குச் சுற்றுவது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நீ கம்போடு சுற்றும்போது அந்த வேகம் அடுத்த வீச்சுக்குப் போய்ச் சேருகிறது, நிற்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கே 270இல் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். அதனால் நீ பத்துப் பதினைந்து டிகிரி தாண்டிப் போய்த் தோள் முன்னே வந்து நிற்பாய். இரண்டாவது தப்பு, இடது காலைக் குறுக்கே அகலம் விடாமல் வைப்பது. அப்படி வைத்தால் சுற்றி முடித்ததும் இரண்டு காலும் கயிற்றின் மேல் நிற்பது போல ஒரே கோட்டில் இருக்கும், லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடுவாய்.

இதைச் சரிசெய்ய இரண்டாகப் பிரித்துப் பழகு. ஒன்று: உடம்பைத் திருப்பாமல், இடது காலைப் பின்னால் குறுக்கே கொண்டுபோய், வலது காலைத் தாண்டி, திரும்பினால் குறுக்கே அகலம் கிடைக்கிற மாதிரி வை. தலையை மட்டும் போகிற திசைக்குத் திருப்பு. இரண்டு: இடுப்பைச் சுற்று, கை தானே வரும். பத்து நாள் இப்படியே பிரித்துச் செய்துவிட்டு அப்புறம் ஒட்டு. பதினேழாவது அசைவுக்குப் பிறகு இன்னொரு 270 வருகிறது, அதையும் இப்படியே இரண்டாகப் பிரித்துப் பழகு; ஆனால் அங்கே முடிகிற நிலை வேறு, கீழே சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. சிமெண்டுக் களத்தில் வெறுங்காலோடு முழு எடையையும் போட்டுச் சுற்றாதே. பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பாதம் முதலில் திரும்பட்டும், எடை பிறகு வரட்டும். பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்தால் எடையை முன்பாதத்தில் அழுத்திச் சுற்றுகிறாய் என்று கண்டுகொள். பெருக்காத களத்தில் மணல் இருந்தால் இதற்கு நேர் எதிர்: வழுக்கிக் காலை விரித்துவிடும். விடியால ஒரு தரம் சீமாத்தில் கூட்டிவிட்டுத் தொடங்கு.

அடுத்தது குதிகால். கம்பு வீச்சில் குதிகாலைப் பதிக்காமல் துள்ளலாக நிற்பதுதான் அழகு. ஜென்குட்சு தாச்சியில், அதாவது முன்காலை மடக்கி நீளமாக நிற்கிற நிலையில், பின்னங்கால் குதி தரையை விட்டு எழக் கூடாது. நீளம் ஏறக்குறைய இரண்டு தோள் அகலம், குறுக்கே ஒரு இடுப்பு அகலம், எடை முன்னால் 60, பின்னால் 40. முன் முழங்கால் பெருவிரலுக்கு மேலே நிற்கட்டும், உள்ளே சாயவிடாதே. குதி எழுந்தால் கெண்டைக்கால் இறுக்கம் என்று பொருள். ஐம்பதை நெருங்கும் உடம்பு, ஒரே நாளில் இளகாது. சுவரைப் பிடித்து ஒவ்வொரு காலும் அரை நிமிடம், மூன்று தடவை இழுத்துவிடு. அதுவரை நிலையை ஒரு சாண் குட்டையாக்கிக்கொள். மாஸ்டர் திட்டினாலும் பரவாயில்லை. நீளமாக நின்று குதியைத் தூக்குவதைவிடக் குட்டையாக நின்று குதியைப் பதிப்பது மேல்.

கடைசி நான்கும் ஷூடோ உகே, கத்திக்கைத் தடுப்பு. நிலை கொகுட்சு தாச்சி, பின்னால் 70, முன்னால் 30, இரண்டு குதியும் ஒரே கோட்டில். சரியாக நிற்கிறாயா என்று பார்க்க அளவுகோல் வேண்டாம். உடம்பை அசைக்காமல் முன்காலைத் தரையில் இருந்து எடுத்துப் பார். எடுக்க முடிந்தால் சரி. எடுப்பதற்கு முன் உடம்பு பின்னால் ஆடினால் எடை நடுவில் கிடக்கிறது. கம்புக்காரர்கள் எல்லாருக்கும் நடுவில்தான் கிடக்கும், எந்தப் பக்கமும் பாயலாம் என்று பழகிய உடம்பு அது.

கைக்கு வந்தால் ஒரே ஒரு விசயம்தான் உன்னை வதைக்கப் போகிறது: ஹிகிதே. ஒரு கை குத்தும்போது மற்றொரு கை இடுப்புக்கு இழுபட வேண்டும். கம்பில் இரண்டு கையும் ஒன்றுக்கொன்று துணையாகவே போய்ப் பழகிவிட்டன, அதனால் உன் சும்மா இருக்கும் கை வயிற்றுக்கு முன்னால் தொங்கிக்கொண்டு நிற்கும். அது வெறும் அழகுக்கு இழுப்பதில்லை. எதிராளியின் சட்டையோ மணிக்கட்டோ அந்தக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள். அவனை இழுத்துக்கொண்டே குத்துகிறாய். ஒரு துண்டைக் கம்பத்தில் கட்டி, நுனியைப் பிடித்து இழுத்தபடியே மற்றக் கையால் குத்திப் பழகு. ஒரு வாரத்தில் கைக்கு அர்த்தம் புரிந்துவிடும்.

நான்காவது அசைவும் அப்படித்தான். வலது காலைச் சற்றே பின்னிழுத்து, கையைப் பெரிய வட்டமாகச் சுற்றி மூடிய முஷ்டியின் அடிப்பக்கத்தால் மேலிருந்து அடிப்பது. தனியாகப் பார்த்தால் இது எதற்கு என்றே தெரியாது. ஆள் வைத்துப் பார்: உன் வலது மணிக்கட்டை அவன் பிடித்திருக்கிறான். பிடி எப்போதும் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருகிற வாயில்தான் பலவீனம். காலைப் பின்னே எடுத்தால் அவன் கை நீண்டு தளரும், வட்டம் போட்டால் அந்த வாய் வழியாகக் கை வெளியே வரும், அதே ஓட்டத்தில் அடி விழும். காலை இழுக்காமல் கையை மட்டும் சுற்றினால் பலசாலியிடம் வேலைக்கு ஆகாது. புங்காய் என்பது இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான். நாலு திசையில் இருந்து நாலு பேர் வரிசையாக வந்து அடி வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று சிலர் விளக்குவார்கள், நான் நம்புவதில்லை. ஒரே ஆள்தான். திரும்புவது அவனுக்கு எந்தக் கோணத்தில் நீ நிற்க வேண்டும் என்பதற்கு.

உனக்கு உதவும் பாதியையும் சொல்லிவிடுகிறேன். தூரக் கணக்கு உனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. இடுப்பில் இருந்து விசை கிளம்ப வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பார்வை சிதறாது. வகுப்பில் கூட நிற்கும் பையன்களுக்கு இவை வர இரண்டு மூன்று வருசம் ஆகும்.

எத்தனை கட்டா கற்கலாம் என்று கேட்டிருந்தாய். பெல்ட் டெஸ்ட்டுக்கு ஒன்று என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே போனால் ஐந்து ஹெயானும் ஒன்றேகால் வருசத்தில் 'முடிந்துவிடும்'. ஒன்றும் கையில் நிற்காது. ஷோடானிலேயே ஆறு மாதம் இரு. அப்புறம் அடுத்ததான ஹெயான் நிடானுக்குப் போகும் முன், மாஸ்டர் சம்மதித்தால், டெக்கி ஷோடான் என்ற கட்டாவைக் கேட்டு வாங்கு. 29 அசைவு, நடப்பது பக்கவாட்டில் மட்டும், முழுக்கக் கிபா தாச்சி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிலை, எடை பாதிப் பாதி. திரும்பல் தொல்லை இல்லை, ஆனால் தொடை எரியும். பழைய பேர் நைஹாஞ்சி. மோட்டோபு சோகி என்ற சண்டைக்காரர் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் பெரிதாக மதித்தார். பசாய் டாய், கன்கு டாய் மாதிரிப் பெரிய கட்டாக்கள் எல்லாம் பின்னால். கன்கு டாய் 65 அசைவு, மூச்சு வாங்கும்.

கோஜு ரியு பாணிக்காரர்களின் சான்சின் கட்டாவை யூடியூபில் பார்த்துவிட்டு நீயாகச் செய்ய ஆரம்பிக்காதே. உடம்பு முழுக்க இறுக்கி மூச்சை அழுத்தி விடுகிற பயிற்சி அது. நீ பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன். இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் அந்த நொடியிலேயே ஏறும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

யூடியூபில் பார்ப்பதானால் டோக்கியோ ஒலிம்பிக் கட்டா இறுதிப் போட்டியைப் பார். 2020க்கானது 2021இல் நடந்தது. ஆண்களில் ஒகினாவாவின் கியுனா ரியோவும் பெண்களில் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸும் தங்கம் வாங்கினார்கள். அப்போது மதிப்பெண்ணில் நுட்பத்துக்கு 70 பங்கு, உடல் திறனுக்கு 30 பங்கு. முகத்தை முறைப்பதையும் நீண்ட இடைவெளி விடுவதையும் காப்பி அடிக்காதே, ஊரில் நிறையப் பேர் அதைத்தான் கற்றுக்கொண்டார்கள். கியுனாவின் பாதம் ஊன்றும் நொடியும் கை முடியும் நொடியும் ஒன்றாக இருப்பதை மட்டும் பார். பாரிஸ் 2024இல் கராத்தேயே இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

உடை விசயம். திருப்பூரில் மச்சினன் தைத்துத் தருகிறான் என்றாயே, பனியன் துணியில் வேண்டாம், இழுபட்டு உடம்போடு ஒட்டும். நெய்த காட்டன் வேண்டும். 8 அவுன்ஸ் போதும். 12 அவுன்ஸ் துணி குத்தும்போது படபடவென்று சத்தம் தரும், கேட்க நன்றாயிருக்கும், ஆனால் சித்திரை வெயிலில் வேர்வையைக் குடித்துக் கனக்கும். வெட்டும் முன் துணியை இரண்டு தரம் நனைத்துக் காயப்போடச் சொல். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கால்சட்டை கெண்டைக்கு ஏறிவிடும்.

கராத்தேக்காரர்களின் கம்பு பற்றியும் கேட்டிருந்தாய். அது போ, ஆறு ஷாகு நீளம், ஏறத்தாழ 182 சென்டிமீட்டர், பெரும்பாலும் ஓக் கட்டை. நம் நெற்றி அளவு மூங்கிலோ பிரம்போ மாதிரி வளையாது. கம்பை மூன்று பங்காக்கி நடுப்பங்கின் இரு முனையில் பிடிப்பார்கள். நாம் ஒரு முனையை ஒட்டிப் பிடித்து மீதி நீளம் முழுவதையும் வீச்சுக்கு விடுகிறோம். அவர்கள் அடி குட்டை, கனம் அதிகம். நம் அடி நீளம், வேகம் அதிகம். ஷூஷி நோ கோன் என்று ஒரு கம்புக் கட்டா இருக்கிறது, நீ அதைப் பார்த்தால் பத்தாவது நிமிடம் கையில் எடுத்துவிடுவாய். அதனால்தான் இப்போதைக்குப் பார்க்காதே என்கிறேன். கம்பு கையில் வந்ததும் குதிகால் மறுபடியும் எழுந்துவிடும்.

பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்கு ஒரம்பரை எல்லாம் வருகிறார்கள், நீயும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. அதற்குள் செல்போனில் ஒரு வீடியோ முன்னால் இருந்தும் ஒன்று பக்கவாட்டில் இருந்தும் எடுத்து அனுப்பு. களத்தில் போட்ட கோடும் வட்டமும் படத்தில் தெரிய வேண்டும். கையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
மச்சான்

பி.கு.: வரும்போது பிரம்பு இரண்டு கொண்டு வா. இங்கே கிடைப்பது காய்ந்து பிளந்துவிடுகிறது. எண்ணெய் தடவி நிழலில் வைத்ததாகப் பார்த்து எடு.