கரண்ட் வந்ததும் தானாக எழும் பெட்டி

தேவனாம்பட்டினம், கடலூர்
ஞாயிறு மாலை

மாப்ளே,

வீட்டு மோட்டாரையும் விளக்கையும் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளை ஓட்ட எந்த மினி பிசி, அதாவது எந்தச் சின்னக் கம்ப்யூட்டர், வாங்கலாம் என்று போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. மீதியை எழுதியே அனுப்புகிறேன். எழுதினால்தான் நீ குறுக்கே பேச மாட்டாய். லாஸ்பேட்டை வீட்டு மாடி வேலை முடிந்துவிட்டது என்று சொன்னதும் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் தினமும் தெருமுனை வரை நடந்து போய் வருகிறார்.

சரி, மினி பிசி. ஐ7 சிப், 16 ஜிபி ரேம் இல்லாமல் வாங்கவே வாங்காதே என்று உன் மச்சினர் சொன்னாராமே. அவர் கேம் ஆடுகிறவர், அவர் கணக்கு வேறு. நமக்கு ஹோம் அசிஸ்டென்ட் என்ன செய்யப்போகிறது? தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும், ஆறு மணிக்கு வாசல் விளக்கைப் போடும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்கு 4 ஜிபியே போதும். கேமரா சேர்ப்பதாக இருந்தால் 8 வைத்துக்கொள்.

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக எழுந்திருக்குமா? நான் முதலில் பார்த்தது இதைத்தான். 2011 டிசம்பரில் 'தானே' புயல் வந்து போன பிறகு நாம் நாள் கணக்கில் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்த கரை இது. போன முறை ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30, மறுநாள் காலைக்குள் உங்கள் பாண்டியில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்றைக்கு ராத்திரி இங்கே கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. அப்போது என்னிடம் இருந்தது ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர், அதில் ஒரு மலிவான எஸ்டி கார்டு. ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்க வேண்டும், கார்டு செத்துவிட்டது. பேக்கப் இருந்தது. எங்கே? அதே கார்டில்! சிரிக்காதே.

அம்மாவுக்கு இது தெரியாது. கரண்ட் வந்ததும், தானாக நிற்கும் என்று நம்பி மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தொட்டி வழிவது தெரிந்தது. "ஊரெல்லாம் வெள்ளம், நம்ம வீட்டுக்கு மட்டும் மேலேர்ந்தும் வரணுமா?" என்றார் அம்மா.

அதனால் இப்போது எஸ்டி கார்டே கிடையாது, எஸ்எஸ்டிதான். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஆபீஸ்களில் இருந்து கழித்துக் கட்டிய சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினேன். லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி என்று குவித்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒரு தடித்த புத்தகம் அளவுதான். என்னுடையது ஆறாம் தலைமுறை ஐ5. பழசு என்று நினைக்காதே, இந்த வேலைக்கு அதுவே யானைப் பலம். வாங்கும்போது பயாஸில் (பெட்டி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை செட்டிங் பகுதி) பாஸ்வேர்டு பூட்டு இல்லையே என்று கடையிலேயே போட்டுப் பார்த்துவிடு, அடாப்டர் ஒரிஜினலா என்றும் பார். உள்ளே இருக்கும் 2032 பட்டன் செல்லை யோசிக்காமல் மாற்றிவிடு. என் பெட்டியில் அது தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் போனால் பயாஸ் செட்டிங் மொத்தமும் மறந்துபோகும், 'கரண்ட் வந்தால் எழு' என்று நான் போட்டு வைத்ததும் சேர்ந்துதான். காரணம் தெரியாமல் ரெண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நீ இதை வாங்காதே என்றுதான் சொல்லப்போகிறேன். என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, உன் வீட்டில் இல்லை. இந்தப் பழைய பெட்டிகள் 20 வோல்ட்டை ஒட்டிய அடாப்டரில் ஓடுபவை. இன்டெல் என்100 சிப் போட்டு வரும் புதுப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். ரூட்டருக்கு நீ வைத்திருக்கிறாயே சின்ன யூபிஎஸ், அதுவும் 12 வோல்ட்தான். ஆம்பியர் மட்டும் போதுமானதாக இருந்தால் போதும், அந்த மாதிரி ஒன்றிலேயே பெட்டியும் ஓடும். ஆனால் ரூட்டரையும் பெட்டியையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டாதே, ஆளுக்கு ஒன்று.

என்100 கரண்ட் குறைவாகத் தின்னும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதே. எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் பிளக் மீட்டரில் என் பழைய பெட்டியைப் போட்டுப் பார்த்தேன், சும்மா இருக்கும்போது 10 வாட். ராத்திரி பகலாக ஓடினாலும் ரெண்டு மாத பில்லில் 14 யூனிட் சொச்சம். அதில் ரெண்டு மூணு வாட் குறைத்து என்ன கோட்டை கட்டப்போகிறோம்? என்100 பெட்டிகள் சிலவற்றில் அந்த 'கரண்ட் வந்தால் எழு' செட்டிங் பயாஸில் 'ஸ்டேட் ஆஃப்டர் ஜி3' என்று புரியாத பெயரில் ஒளிந்திருக்கும், அதை 'எஸ்0' என்று மாற்றி வை. அப்புறம் மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டு நீயே சோதித்துப் பார்.

சென்சார்களோடு ஒயர் இல்லாமல் பேசும் ஜிக்பீ டாங்கிள் வாங்கினால் அதைப் பெட்டியின் நீல யூஎஸ்பி துளையில் நேராகக் குத்தாதே. யூஎஸ்பி 3 போடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் விழுகிறது, ஜிக்பீயும் அதே அலைவரிசைதான். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, கறுப்புத் துளையில் போட்டு, டாங்கிளைத் தள்ளி வை. நூறு இருநூறு ரூபாயில் தீரும் பிரச்சினை. இது தெரியாமல் நான் சென்சாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

உப்புக் காற்று உனக்கு அவ்வளவு இல்லை. இங்கே ஜன்னலோரம் வைத்த எதன் பித்தளை முனையும் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். பெட்டியை நடு அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திறந்து ஃபேன் தூசியைத் துடைக்கிறேன், மறுநாள் அம்மா அதன் தலையில் சந்தனம் குங்குமம் வைக்கிறார். காற்று போகும் ஓட்டையில் படாமல் வையுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு பாண்டிக்கு வருகிறேன், பிளக் மீட்டரையும் எடுத்து வருகிறேன். அதற்குள் உன் யூபிஎஸ்ஸைத் திருப்பி, பின்னால் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது பார்த்து வை. 2 என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், 3 என்றால் அன்றைக்கே ஆர்டர் போட்டுவிடலாம்.

உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி