பலா உத்தரமும் செம்புக் கம்பியும்

செங்கோட்டை,
ஜூன் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சாரல் பிடித்துவிட்டது. மழை பெய்யும்போது யார் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வரப்போகிறார்கள்? வைண்டிங் கடையில் ஈ ஓட்டுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமை இல்லாவிட்டால் உன் மகளிடம் கொடுத்துவிடு, கிதார் அவளுக்குத்தானே.

நீ சொன்னபடி, எலக்ட்ரிக் கிதார் செய்ய மரம் தேறுமா என்று புளியரைக்குப் போய்ப் பழைய வீட்டைப் பார்த்தேன். கூரையைப் பிரித்தாகிவிட்டது. பலா உத்தரங்கள் பின்கட்டில் கிடக்கின்றன. ஒன்று ஒரு முனையில் உளுத்திருக்கிறது. மற்றது கல்லுமாதிரி இருக்கிறது. ஆசாரியைக் கூட்டிப்போய் ஓர் ஓரத்தை இழைத்துப் பார்த்தோம். வெளியே புகை பிடித்த பழுப்பு, உள்ளே நல்ல பொன் மஞ்சள். அகலம் மட்டும் போதாது. கிதார் உடலுக்கு 13 அங்குலம் வேண்டும், உத்தரம் அவ்வளவு இல்லை. இரண்டு பலகையாக அறுத்து நடுவில் ஒட்ட வேண்டியதுதான். அதில் குறையொன்றும் இல்லை, அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் கிதார்களே பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டு ஒட்டியவைதான்.

இனி உன் கேள்வி. மஹோகனி மரம் என்றால் ஒலி வார்ம் (தடித்த இதமான குரல்), மேப்பிள் என்றால் பிரைட் (கூரான குரல்), ஆல்டர் என்றால் பேலன்ஸ் (இரண்டும் சமம்) என்று கடைக்காரர் சொன்னாராம். எல்லாக் கடையிலும் இதே பல்லவிதான். அதைக் கேட்டுவிட்டு, வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிற பலா கிதாருக்கு ஆகாதா, அதன் நாதம் எப்படி இருக்கும் என்று கேட்கிறாய். தாராளமாக ஆகும். ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தில் இறங்குகிறது. குடத்தின் மேல்பலகைதான் காற்றை அசைக்கிறது. காதுக்கு வருவது பெரும்பாலும் மரத்தின் ஒலி. எலக்ட்ரிக் கிதாரில் கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப் காற்றைக் கேட்பதே இல்லை. காந்தத்துக்கு மேலே எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுற்றியிருக்கும் காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட அதே தூண்டல்தான். நைலான் தந்தியைக் கட்டிப் பார், கிதார் ஊமையாகிவிடும்.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, சுற்றுவழியில் இருக்கிறது. கம்பியின் இரு முனைகளும் மரத்தில்தான் ஊன்றியிருக்கின்றன. மரம் நெகிழ்ந்தால் கம்பியின் சக்தியில் கொஞ்சம் அதற்குள் போய்விடும், அந்தச் சுரம் சீக்கிரம் தணியும். ஆனால் இப்படிச் சக்தி கசிவது அதிகமும் நெக், அதாவது கிதாரின் கழுத்து வழியாகத்தான். ஒன்றே முக்கால் அங்குலக் கனமுள்ள உடலை ஒரு கம்பி எவ்வளவு அசைத்துவிடும்? ஜெர்மனியில் ஹெல்முட் ஃபிளைஷர் என்பவர் கிதார்களை அதிரவைத்து அளந்து இதை ஆராய்ந்திருக்கிறார். சில ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டுமாதிரி) மட்டும் சுரம் பொசுக்கென்று செத்துப்போகிறதே, அதை ‘டெட் ஸ்பாட்’ என்பார்கள். நெக் அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணிலேயே தானும் ஆடிக் கம்பியின் சக்தியைக் குடித்துவிடுவதுதான் அதற்குக் காரணம்.

கடைக்காரர் பல்லவிக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், கிப்ஸன் கம்பெனியின் லெஸ் பால், ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற இரண்டு கிதார்களையும் பக்கத்தில் வைத்துக் கேட்டதில்தான். 1952-இல் வந்த லெஸ் பால் மஹோகனி உடல், மேலே மேப்பிள். 1954-இல் வந்த ஸ்ட்ராட் முதலில் ஆஷ், 1956 வாக்கில் ஆல்டருக்கு மாறியது. ஒன்று தடித்த குரல், மற்றது மணிமாதிரி. ஆனால் மரம் மட்டுமா வேறு? லெஸ் பாலில் 1957 முதல் இரண்டு காயில் உள்ள ஹம்பக்கர் பிக்கப், ஸ்ட்ராட்டில் ஒரே காயில் உள்ள சிங்கிள் காயில் பிக்கப். கம்பி நீளம் ஒன்றில் 24.75 அங்குலம், மற்றதில் 25.5. பிரிட்ஜ் என்கிற குதிரை வேறு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் (பாட்) ஓம் மதிப்பு வேறு. இவ்வளவையும் விட்டுவிட்டு மாலையை மஹோகனிக்குப் போட்டால் எப்படி?

மரமே இல்லாத கிதார்களும் உண்டு. முதல் வெற்றிகரமான எலக்ட்ரிக் கிதாரே வார்ப்பு அலுமினியம்தான், 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போசாம்ப் உருவாக்கிய ரிக்கன்பேக்கர் ‘ஃபிரையிங் பேன்’. டான்எலக்ட்ரோ கம்பெனி மரச்சட்டத்தின் மேல் ஹார்டுபோர்டு அறைந்து கிதார் விற்றது. 1969-இல் ஆம்பெக் நிறுவனத்துக்காக டேன் ஆம்ஸ்ட்ராங் செய்தது முழுக்கக் கண்ணாடிமாதிரித் தெரியும் அக்ரிலிக். அதை ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் மேடையில் வாசித்தார், ராக் ஒலி ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாஷ்வில்லில் ஜிம் லில் என்ற கிதார்க்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், உடலும் நெக்கும் இல்லாமலே அந்தரத்தில் கம்பியைக் கட்டி, ஃபெண்டரின் டெலிகாஸ்டர் வகைக் கிதாரில் இருந்த அதே தூரத்தில் அதே உயரத்தில் பிக்கப்பைப் பொருத்தி வாசித்துக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டெலிகாஸ்டர் என்றே சொல்வாய். உன் மகளைத் தேடிப் பார்க்கச் சொல்.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். மோட்டார் கட்டுகிறவனுக்குப் பிக்கப் சொந்தக்காரன்தான். சிங்கிள் காயிலில் 42 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கேஜ் அளவு) எனாமல் செம்புக் கம்பி சுற்றுகிறார்கள், தடிமன் 0.063 மில்லிமீட்டர். நம் கடைக் கணக்கில் 46 கேஜை ஒட்டி வரும். விரலில் கொஞ்சம் அழுத்தம் கூடினால் அறுந்துவிடும். ஸ்ட்ராட் பிக்கப்பில் கிட்டத்தட்ட 8,000 சுற்று, மீட்டர் வைத்தால் 6 கிலோ ஓம் பக்கம் காட்டும். சுற்று கூடினால் சத்தம் கூடும், கூடவே இண்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் குணம்) கூடும், மேல் ஸ்தாயியின் பளபளப்பு குறையும். இந்த இண்டக்டன்ஸ்தான் நாதத்தின் பாதி ரகசியம், அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

நம் இசைக்குழுவில் வாசித்த காலம் ஞாபகம் இருக்கிறதா? மேடை ஓரத்திலிருந்து மிக்ஸர் வரை நீளக் கேபிள் இழுப்போம். ஒத்திகையில் சின்னக் கேபிளில் கணீரென்று கேட்ட கிதார் மேடையில் போர்வை போர்த்தினமாதிரி கேட்கும். மைக் செட்காரரைத் திட்டுவோம். பாவம், அவர் என்ன செய்வார்? பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னேற்றத்தைத் தேக்கும் குணம்) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் மேடு கட்டும், அதற்கு மேலே ஒலி சரிந்துவிடும். கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள். இரண்டரை ஹென்றி (இண்டக்டன்ஸின் அலகு) சிங்கிள் காயிலுக்கு 5 மீட்டர் கேபிளில் மேடு 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். அதையே 10 மீட்டராக்கினால் 3,000-க்கு இறங்கிவிடும். நாலரை ஹென்றி ஹம்பக்கர் 5 மீட்டர் கேபிளில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். மரத்தை மாற்றி இவ்வளவு வித்தியாசத்தை யாராவது கொண்டுவரட்டும், பிறகு பேசலாம்.

வால்யூம் பாட் விஷயமும் இதே சங்கதிதான். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் போடுவது வழக்கம். மதிப்பு குறைந்தால் அந்த மேடு அமுங்கி ஒலி மட்டுப்படும். முப்பது நாற்பது ரூபாய்ச் சாமான், இதைப் பற்றிக் கடைக்காரர் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.

பிக்கப் எங்கே இருக்கிறது என்பதும் பெரிய விஷயம். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பி அதிகம் ஆடாது, அடிநாதம் மெலியும், கூரான ஒலி வரும். நெக் பக்கம் போகப் போகக் குரல் தடிக்கும். ஸ்ட்ராட்டின் நெக் பிக்கப் ஏறத்தாழ 24-ஆவது ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அதாவது கம்பி நீளத்தில் நாலில் ஒரு பங்கில் இருக்கிறது. திறந்த கம்பியின் நாலாவது ஹார்மானிக் (நாலு மடங்கு அதிர்வெண் உள்ள உபசுரம்) அந்த இடத்தில் அசையாமல் நிற்கும், பிக்கப்புக்கு அது கேட்காது. உயரமும் கவனம். காந்தத்தைக் கம்பிக்கு ரொம்ப நெருக்கினால் அது கம்பியைப் பிடித்து இழுத்துச் சுருதியையே குழப்பிவிடும்.

இரைச்சலை மறந்திருக்க மாட்டாய். கோயில் கொடையில் சீரியல் செட், டியூப் லைட், பக்கத்திலேயே ஜெனரேட்டர். பாட்டு நின்ற இடமெல்லாம் என் கிதார் உம்மென்று இழுக்கும், நீ தபேலாவிலிருந்து முறைப்பாய். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அது. கிப்ஸனில் வேலை பார்த்த செத் லவர் இதற்குத்தான் 1955-இல் ஹம்பக்கர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காயில் இரண்டு, ஒன்றுக்கொன்று சுற்றும் துருவமும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அடிபட்டுப்போகும், கம்பியின் சிக்னல் மட்டும் கூடி வரும். மோட்டார் கட்டுகிற எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமைதான், எவ்வளவு எளிய யோசனை!

ஆக, பலாவின் நாதம் என்று தனியாக ஒன்றை எதிர்பார்க்காதே. ஆனால் உன் உத்தரத்தை நான் ஆதரிக்கக் காரணம் உண்டு. முதலாவது, அது காய்ந்த மரம். இங்கே கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு காற்று, ஆரியங்காவு தாண்டினால் வேறு காற்று. தென்மலை, புனலூர் என்று கானமேளாவுக்கு ஏறி இறங்கிய காலத்தில் நெக் ஈரத்தைக் குடித்து வளைந்து, கம்பி ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கும். நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகித் திருகியே என் பாதி மாலை போகும். மரம் தன் குணத்தைக் காட்டுகிற இடம் அதுதான். தலைமுறை கண்ட உத்தரம் இனி என்ன முறுக்கப்போகிறது? நெக்கை மட்டும் மேப்பிளில், உள்ளே டிரஸ் ராட் போட்டது ரெடிமேடாக வாங்கிவிடு. அதில் ஆசாரி கைவைக்க வேண்டாம்.

அடுத்தது எடை. ஆல்டரில் உடல் மட்டும் சுமார் 2 கிலோ வரும், பலாவில் இரண்டரையைத் தாண்டலாம். உள்ளே கொஞ்சம் குடைந்தால் சரியாகிவிடும். தாத்தாவின் ஈட்டி மரக் (ரோஸ்வுட்) கட்டிலை அறுக்கலாமா என்றும் எழுதியிருந்தாய். அதைத் தொடாதே! ஈட்டியில் செய்தால் உடலே மூன்றரை கிலோ, பிள்ளையின் தோள் என்னாவது? 1968-இல் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஃபெண்டர் முழு ரோஸ்வுட் டெலிகாஸ்டர் ஒன்று செய்து கொடுத்தது உண்மைதான். ஆனால் அவர் பீட்டில்ஸ், வாசித்துவிட்டு எடுத்துக் கொடுக்க ஆள் இருந்திருக்கும். நம் மலை ஈட்டி உலகம் பூராவும் கிதார்களின் ஃபிங்கர்போர்டாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. 2011-இல் அமெரிக்க அதிகாரிகள் கிப்ஸன் ஆலைகளில் சோதனை போட்டு எடுத்துப்போனதிலும் இந்தியாவிலிருந்து வந்த ஈட்டிப் பலகை இருந்தது. 2017-இல் சைட்டிஸ் என்ற உலக வன உயிர் வணிக ஒப்பந்தத்தில் அந்த இனம் முழுக்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019-இல்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். இங்கே நம் மாநிலத்தில் ஈட்டிக்கென்றே தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். கட்டில் கட்டிலாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, இதைக் கணக்கில் காட்ட முடியாது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போடாமல் வாசிக்கும்போது உடலின் அதிர்வு விலாவில் தெரியும். கேட்கிறவர்களுக்கு அது எட்டாது, வாசிக்கிற கைக்கு எட்டும். தாத்தா வீட்டு மரம் என்று தெரிந்து வாசிக்கிற பிள்ளை வேறுமாதிரி வாசிப்பாள் என்று நீ சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

மகள் டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்டு வாசிப்பாள் என்றாய். பிரிட்ஜில் ஹம்பக்கர், நெக்கில் சிங்கிள் காயில் போதும். ஹம்பக்கரை விலைக்கு வாங்கு, நெக் பிக்கப்பை நானே சுற்றித் தருகிறேன். மெழுகிலும் முக்கிவிடுவேன், இல்லாவிட்டால் காயிலின் சுற்றுகள் ஆடி, ஆம்பைக் கூட்டியதும் கீச்சிடும். பணம் மிச்சமானால் நல்ல ஸ்பீக்கர் உள்ள ஆம்புக்குப் போடு. கிதார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடும், அதனால்தான் காதுக்கு இதம். நாம் நேராக மிக்ஸரில் சொருகி வாசித்துத்தான் அந்தத் தகர ஒலி வந்தது.

புனலூரில் கதவுக்குப் பூ வெட்டுகிற சி.என்.சி. மெஷின் ஒன்று இருக்கிறது. வரைபடம் கொடுத்தால் குழிகளைச் சுத்தமாக வெட்டித் தருகிறார்களாம். அதற்கு முன் உத்தரத்தில் எங்கெங்கே ஆணி ஒளிந்திருக்கிறது என்று காந்தம் வைத்துத் தேட வேண்டும், அறுவை மில்லில் பிளேடு உடைந்தால் கூலியோடு திட்டும் சேர்ந்து வரும்.

நம் கீபோர்டு அண்ணன் இப்போது பேரனோடு தென்காசியில் இருக்கிறார். கால் வலி, மற்றபடி குரல் அப்படியே. நீ ஆடிக்கு வந்தால் மூவரும் குற்றாலம் போகலாம், அருவியில் கூட்டம் இருக்கும், பரவாயில்லை.

அப்புறம் முக்கியமானதைக் கேட்காமல் விட்டேன். உன் மகள் வலக்கையா, இடக்கையா? மெஷினில் பலகையை ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு எழுதிவிடு.

அன்புடன்,
உன் மச்சான்