சங்கு கொடுத்த ஆயாம்மாவுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஏன் மறுபடி ஆபரேஷனுக்குப் போனேன் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். எடை குறைக்க இரைப்பையைச் சுருக்கிய முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அமிலம் மேலே ஏறி ஓயாத நெஞ்செரிச்சல், எடையும் திரும்ப ஏறியது. அதனால் இந்தத் தடவை இரைப்பையை இன்னும் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன். இன்றோடு ஏழு வாரம். நேற்று ராத்திரி ஒரே தலையணையில் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். நாலு வருஷமாகத் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கியவள் நான். விடியற்காலை தொண்டையில் புளிப்பு இல்லாமல் விழித்ததும் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்த கையோடு இதை எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகு, கால் மணிக்கு ஒரு தடவை 30 மில்லி தண்ணீர் என்றார்கள். அதையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். புதிதாகச் செய்த இரைப்பையே சின்ன எலுமிச்சை அளவுதான். கையில் ட்ரிப்ஸ் ஊசி, நடுக்கம் வேறு. பிளாஸ்டிக் மூடியைச் சாய்த்தால் மொத்தமும் வாயில் கொட்டும். அப்படி ஒரு மடக்கு நெஞ்சில் அடைத்துக்கொண்டு நான் துடித்ததை, தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா பார்த்துவிட்டார்.

மறுநாள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வெள்ளிச் சங்கை எடுத்தார். "எம் பேரன் பேத்தி மூணு பேரும் குடிச்சது தாயி. இதுல ஊத்துனா மடக்குனு இறங்காது." சிஸ்டர் வெந்நீரில் கொதிக்க வைத்துக் கொடுத்தார். நாற்பத்தாறு வயதில் சங்கில் தண்ணீர் குடித்தேன். எனக்குச் சங்கு ஊதிவிடுவார்களோ என்று பயந்து கிடந்த நேரம் அது! சங்கின் மூக்கு வழியே நூல் மாதிரி இறங்கிய அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் அடைக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "மறுபடியுமா?" என்று கேட்டார்கள். ஆயாம்மா ஒருவர்தான் "தண்ணி வெதுவெதுன்னு இருக்கா?" என்று கேட்டார்.

தின்றே ஏற்றிக்கொண்டாள் என்று சொந்தத்தில் பேச்சு. என் பங்கு இல்லாமல் இல்லை. எரிச்சலை அடக்கக் குளிர்ந்த பாலும் ஐஸ்கிரீமும் உள்ளே போயின. அவை வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு நிறைந்ததே தெரியாது. ஆனால் முதல் ஆபரேஷனில் குழாய் மாதிரி ஆக்கிய இரைப்பையில் அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறியதற்கு என் நாக்கு என்ன செய்யும்?

பழைய தழும்பில் ஒட்டிக்கிடந்ததையெல்லாம் பொறுமையாகப் பிரித்தெடுத்து பைபாஸ் செய்த டாக்டருக்கும், மயக்க மருந்து டாக்டருக்கும், ராத்திரி சிஸ்டர்களுக்கும், டயட்டீஷியனுக்கும், பணம் புரட்டிய தம்பிக்கும், தாளிக்கிற வாசனை எனக்குக் குமட்டும் என்று ஒரு மாதம் தாளிக்காத சாம்பார் சாப்பிட்ட வீட்டுக்காரருக்கும் நன்றி. "முதல் தடவை மாதிரி கிலோ கிலோவாக இறங்காது, நெஞ்செரிச்சல் தீருவதுதான் முதல் லாபம்" என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி. 104 இப்போது 96. முதல் தடவை இதே ஏழு வாரத்தில் பதினாறு கிலோ போனது. எட்டே போதும்.

போன தடவை இரண்டாம் வருஷமே சத்து மாத்திரைகளை நிறுத்தினேன். இனி அந்த விளையாட்டு கிடையாது. பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுசுக்கும் உண்டு. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட போனில் அலாரம் வைத்திருக்கிறேன். புதுத் தையலில் புண் வராமலிருக்க அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இன்னும் சில மாதம் ஓடும். அதே புண்ணுக்குப் பயந்து, மூட்டு வலி என்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் இனி இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று சங்கை நீட்டினேன், ஆயாம்மா வாங்கவில்லை. "ஐப்பசில பேத்திக்குப் பிரசவம். அதுக்குள்ள குடுத்தாப் போதும். கறுக்க விட்றாத தாயி" என்றார்.

அவருக்குப் படிக்க வராது. பேத்தி படித்துச் சொல்லட்டும்: புரட்டாசி செக்கப்புக்கு வரும்போது கொண்டுவருகிறேன் ஆயாம்மா. நேற்றுதான் விபூதி போட்டுத் துலக்கினேன்.