சோறா, விமானமா என்று கேட்ட ஆசிரியருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபத்தாறு வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறேன், தண்டையார்பேட்டையில் அதே பெட்டிக்கடையில். கடைக்காரர் மாறிவிட்டார், அவர் மகன்தான் இப்போது உட்காருகிறார், நான் மாறவில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

போன இதழில் எங்கள் பறக்கும் கிளப்பைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. வரிவிலக்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்ற செய்தி சரி. படம் நன்றாகவே இருந்தது. கடைசி வரிதான்: “அடுத்த வேளைச் சோற்றுக்கு அல்லாடும் வடசென்னைக்கு விமானக் கிளப், அதற்கு வரிவிலக்கு வேறு!” அந்த ஆச்சரியக்குறியைப் போட்டது நிருபர் தம்பியா, நீங்களா? தம்பி எங்கள் அறையில் இரண்டு டீ குடித்தார், பிள்ளைகளோடு சிரித்துப் பேசினார், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்றுதான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிளப் என்ற பெயரே எங்களுக்கு வினையாகிவிட்டது போலிருக்கிறது. பெயரைக் கேட்டதும் கூலிங்கிளாஸ் போட்ட நாலு பேர் சொந்த விமானத்தில் ஏறிச் சுற்றுவதாக நினைத்துவிடுகிறார்கள். எங்களிடம் விமானமே இல்லை ஐயா. தையல் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை, பழைய கம்ப்யூட்டர் இரண்டு, அதில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர், இடது பட்டன் வேலை செய்யாத ஒரு ஜாய்ஸ்டிக், தெர்மாகோல், சன்போர்டு, ஃபெவிகால், மரச்சட்டம். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திறப்போம். முப்பத்து நாலு பிள்ளைகள் வருகிறார்கள், பதினோரு பேர் பெண் பிள்ளைகள். நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் டர்னராக, கடைசல் மெஷின் ஓட்டுகிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் கருவியைப் பிடிக்கச் சொல்லித் தருவது, கோணம் பார்க்கச் சொல்லித் தருவது என் வேலை. சம்பளம் கிடையாது.

எட்டாவது படிக்கிற ஒரு பையன் வருகிறான். படிப்பு சுமார்தான். முதல் நாள் ஒரு கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத சின்ன விமானம், செய்து மொட்டை மாடியிலிருந்து விட்டான், அது மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய் அப்படியே நின்று வாலடியாக விழுந்தது. எங்கள் தலைவர், ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார், புவியீர்ப்பு மையம் என்று கரும்பலகையில் படம் போட ஆரம்பித்தார். பையன் அதைக் கேட்டானோ இல்லையோ, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துக் கிளைடரைத் தாங்கிப் பார்த்தான், வால் பக்கம் சாய்ந்தது. “காத்தாடில சூத்திரம் கீழ எறங்கிட்டா இப்பிடித்தான் சார் ஆடும்” என்று (சூத்திரம் என்றால் காத்தாடியில் நூல் கட்டுகிற இடம்) சொல்லிவிட்டு மூக்கில் ஒரு ரூபாய்க் காசை செல்லோடேப்பால் ஒட்டினான். விட்டுப் பார்த்தான், பத்தவில்லை. இன்னொரு ஐம்பது பைசா. அது நேரே எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனது. விமானத்திலும் எடையை இப்படி முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தித்தான் சமன் பார்க்கிறார்கள், சரக்கு ஏற்றும் கணக்கே அதுதான் என்று வாத்தியார் சொன்னபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் வீட்டில் மூன்று வேளையும் சோறு பொங்குகிறார்கள். விசாரித்துவிட்டேன், உங்களுக்காக.

காத்தாடி என்றதும் நினைவுக்கு வருகிறது. மாஞ்சா கழுத்தை அறுக்கிறது என்று சென்னையில் தடை போட்டார்கள். போட வேண்டியதுதான், என் தெருவிலேயே பைக்கில் போனவருக்கு அடிபட்டிருக்கிறது, எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் பக்கத்துப் பையன் வெறும் நூலோடு மாடிக்கு ஏறினால்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். வானத்தைப் பார்க்கவே ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளை ஒரு அறைக்குள் உட்காரவைத்து, காற்று ஏன் தூக்குகிறது என்று சொல்லித்தருவதற்குப் பெயர் உங்கள் அகராதியில் உல்லாசம்.

சரி, வரிவிலக்குக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கேட்டிருப்பது இரண்டு. கிளப்புக்கு வரும் பணத்துக்கு வரி இல்லாமல் இருக்க 1961 வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி பிரிவில் பதிவு, கொடுப்பவருக்குக் கழிவு கிடைக்க 80ஜி பிரிவில் பதிவு. முதலில் 3 வருடத்துக்குத் தற்காலிகமாகத் தந்தார்கள், இப்போது முழுப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ஒருவர் எங்களுக்குப் பத்தாயிரம் தந்தால் அதில் பாதி, ஐயாயிரம், அவருடைய வருமானக் கணக்கிலிருந்து கழியும். வரியிலிருந்து ஐயாயிரம் கழிவதாக நினைத்துவிடாதீர்கள். 20 சதவீத வரி கட்டுகிறவர் என்றால் அவருக்கு மிச்சமாவது ஆயிரமும் கொஞ்சம் சில்லறையும். புதிய வரி முறைக்குப் போய்விட்டவருக்கு அதுவும் கிடையாது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் தந்தால் கழிவே இல்லை. இதில் எங்கே ஐயா அரசுப் பணம் கொள்ளை போகிறது?

பின்னே எதற்கு இந்தப் பாடு என்றால், கம்பெனிகள் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூக நலனுக்கென்று ஒதுக்குகிற பணம், கொடுக்க வேண்டுமானால் இந்த இரண்டு பதிவும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எங்களால் விண்ணப்பமே போட முடியாது. ஒரு கம்பெனி மேனேஜர் எங்கள் அறையை வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, 80ஜி இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

இதில் நிஜமான சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. நாங்கள் செய்வது கல்வியா, பொழுதுபோக்கா? 1975லேயே உச்ச நீதிமன்றம் கல்வி என்றால் முறையாகச் சொல்லித்தருவது, பள்ளிக்கூடம் மாதிரி, என்று சொல்லிவிட்டது. அதில் சேராவிட்டால் பொதுநலக் காரியம் என்ற பட்டியலில் வருவோம், அங்கே கட்டணம் வாங்கித் தொழில் மாதிரி நடத்தினால் அந்த வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் எங்கள் ஆடிட்டர் சொன்னது. அதனால் வருகைப் பதிவேடு, பாடத்திட்டம், தேர்வுத்தாள் எல்லாம் நகல் எடுத்து வைத்திருக்கிறோம். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால் உட்காரவைத்துப் பதில் சொல்லியிருப்போம். நீங்கள் சோற்றைப் பற்றிக் கேட்டீர்கள்.

எங்களைப் பற்றி எப்போது எழுதுகிறீர்கள் என்று எடுத்துப் பார்த்தேன், பழைய இதழ்களைக் கட்டி வைக்கிற பழக்கம் உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தபோது வந்தீர்கள். அதே மாதம் அமோனியா கசிந்தபோது வந்தீர்கள். அப்புறம் யாராவது யாரையாவது வெட்டினால் தவறாமல் வருவீர்கள். அந்த வேலையும் வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் 1981ல் ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். எந்த ஏரியா என்று கேட்டார்கள், சொன்னேன், பேனாவை மூடி வைத்தார்கள். என் மகளுக்கும் 2009ல் அதேதான் நடந்தது, பேனாவுக்குப் பதில் கம்ப்யூட்டர். நாற்பது வருடம் ஆகியும் போகாத அந்த வாடை உங்கள் கடைசி வரியில் அடித்தது. அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

விமானத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்களே, 1910ல் இந்த ஊரில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் சிம்ப்சன் கம்பெனியில் விமானம் கட்டச் சொல்லி, தீவுத்திடலில் டிக்கெட் போட்டுப் பறந்து காட்டினார். தீவுத்திடலிலிருந்து ராயபுரம் என்ன தூரம்? நடந்தே போகலாம். அதற்கு ரம்பம் பிடித்தவனும் துணி தைத்தவனும் எந்தத் தெருக்காரனாக இருந்திருப்பான் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு, ஆதாரம் இல்லாததால் சொல்லவில்லை. நான் உங்களைப் போல் இல்லை.

எல்லாரும் பைலட் ஆகப்போகிறார்கள் என்று நாங்கள் யாருக்கும் ஆசை காட்டவில்லை. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், செலவு பல பத்து லட்சம். அதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். விமானப் பராமரிப்புப் படிப்பு இருக்கிறது, என்சிசி விமானப் பிரிவு இருக்கிறது, 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் வாங்கலாம். அந்தக் கதவெல்லாம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறோம். போன மாதம் பிள்ளைகளை விம்கோ நகர் மெட்ரோவில் ஏற்றிக் கூட்டிப்போனோம், ஒரே ரயில், மாறவே வேண்டாம், நேரே விமான நிலையம். மீனம்பாக்கம் தாண்டியதும் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டன. அங்கே ஒரு காவலாளி, “இவ்ளோ பசங்க, என்ன விஷயம்?” என்று கேட்டார். விமானம் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்தார். உங்கள் ஆச்சரியக்குறி மாதிரியே.

மறுப்பு போடுங்கள், மன்னிப்பு கேளுங்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று. படம் எடுக்க வந்த தம்பி, ஆபீஸில் வெளிச்சம் வைத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று ஒரு கிளைடரை வாங்கிக்கொண்டு போனார், ஐந்து வாரம் ஆகிறது. வெள்ளை இறக்கை, மூக்கில் ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும் ஒட்டியிருக்கும். பையன் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறான். கூரியரில் போடாதீர்கள், இறக்கை உடைந்துவிடும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், வாசலில் செக்யூரிட்டியிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகன்