மூன்று மாத்திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். ‘தி ஃபால்’ படத்தைப் பார்க்கச் சொன்னவன் நான்தான். பார்த்துவிட்டு, “கண்ணுக்கு அழகா இருக்குப்பா, ஆனா கதைன்னு ஒண்ணும் இல்லை, ரெண்டு மணி நேரம் விளம்பரம் பார்த்த மாதிரி இருந்தது” என்று சொல்லியிருந்தாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

விளம்பரம் என்று நீ சொன்னது சும்மா வந்த வார்த்தை இல்லை. இயக்குநர் தர்செம் சிங் பல வருஷம் விளம்பரப் படங்களும் இசை வீடியோக்களும் எடுத்தவர். அதில் சம்பாதித்த சொந்தப் பணத்தைப் பெரும்பாலும் இந்தப் படத்தில் போட்டார். விளம்பர வேலையாக எந்த நாட்டுக்குப் போனாலும், அங்கேயே இந்தப் படத்துக்கும் சில காட்சிகளை எடுத்துக்கொண்டு வந்தார். இப்படி 4 வருஷம், 20-க்கும் மேற்பட்ட நாடுகள். 2006-இல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டினார்கள். அதற்கப்புறம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வர 2008 ஆகிவிட்டது. ஒவ்வொரு ஷாட்டையும் சட்டம் போட்டு மாட்டலாம் போல இருக்கிற அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பதை நீ சரியாகவே பிடித்திருக்கிறாய்.

ஆனால் கதை இல்லை என்கிறாயே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீ பாலைவனத்தில் கதையைத் தேடியிருக்கிறாய். கதை அந்த மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறது.

மௌனப் படக் காலத்து லாஸ் ஏஞ்சல்ஸ். ஸ்டன்ட் செய்யும்போது பாலத்திலிருந்து விழுந்து, கால் விளங்காமல் படுத்திருக்கிறான் ராய். காதலித்தவள் கதாநாயகனோடு போய்விட்டாள். அவனுக்கு இனி உயிரோடு இருக்க மனமில்லை. ஆரஞ்சு பறிக்கும்போது விழுந்து கையை உடைத்துக்கொண்ட அலெக்சாண்ட்ரியா என்கிற சின்னப் பெண் அவன் கட்டிலுக்கு வருகிறாள். அவளை மயக்கி மருந்து அறையிலிருந்து அளவு மீறினால் உயிரைப் பறிக்கும் வலிமருந்தான மார்ஃபினை எடுத்துவரச் செய்யத்தான் அவன் கதையே சொல்கிறான். ஒரு துண்டுக் காகிதத்தில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்கிறான். அவள் சீசாவைக் கொண்டுவருகிறாள். உள்ளே மூன்றே மாத்திரை. மீதியைக் கழிவறையில் கொட்டிவிட்டாள். சொல்லின் கடைசியில் இருந்த ஆங்கில எழுத்து ‘ஈ’ அவள் கண்ணுக்கு 3 என்று தெரிந்திருக்கிறது. மூன்று கேட்டிருக்கிறார், மூன்று கொடுத்தாயிற்று. அவள் முகத்தில் எவ்வளவு பெருமை பார்த்தாயா? இதில் ஒரு உண்மை இருக்கிறது பாப்பா. அந்தத் தப்பை எழுதியது திரைக்கதை ஆசிரியர் இல்லை. நடித்த கடின்கா உன்டாரு என்ற ருமேனியக் குழந்தைக்கு அப்போது 6 வயது. அவள் நிஜமாகவே அந்த எழுத்தை 3 என்று படித்துவிட்டாள். தர்செம் அதைத் திருத்தவில்லை, கதையை அதன் பின்னால் திருப்பிக்கொண்டார்.

கட்டிலைச் சுற்றித் திரை கட்டி, அதில் சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகத்தான் அந்தக் காட்சிகளைப் பிடித்தார்கள். ராயாக நடித்த லீ பேஸ் படப்பிடிப்பின் முதல் சில வாரங்கள் நடக்க முடியாதவராகவே இருந்தார். படக்குழுவிலேயே பெரும்பாலோர் அதை நம்பினார்கள். குழந்தையும் நம்பினாள். அவள் தயங்கித் தயங்கிப் பேசுவதும், புரியாமல் திருப்பித் திருப்பிக் கேட்பதும் அதனால்தான் அவ்வளவு இயல்பாக இருக்கின்றன.

இப்போது ராய் அவளுக்குச் சொல்கிற, உனக்கு அலுப்பாக இருந்த அந்த வீரர்கள் கதைக்கு வருகிறேன். ராய் தன் கதையில் ‘இண்டியன்’ ஒருவன் என்கிறான். அவன் மனதில் இருப்பது அமெரிக்கப் பழங்குடி ஆள். விக்வாம் குடிசை என்றெல்லாம் சொல்கிறான். குழந்தைக்குத் தெரிந்த இந்தியனோ தன்னோடு ஆரஞ்சு பறிக்கிற தலைப்பாகைக்காரர். அதனால் திரையில் தலைப்பாகையும் தாடியும் வாளுமாக ஒருவர் வந்து நிற்கிறார், குரல் மட்டும் விக்வாம் என்கிறது. எக்ஸ்ரே எடுப்பவரின் முரட்டுக் கவச உடையைப் பார்த்து அவள் மிரண்டாளே, வில்லனின் படைவீரர்கள் அதே உடையில் வருகிறார்கள். அந்தக் கதையின் நாயகனான முகமூடிக் கொள்ளைக்காரனுக்கு, இறந்துபோன அவளுடைய அப்பாவின் முகம்தான் முதலில். பிறகுதான் அது ராயின் முகமாக மாறுகிறது. சொல்கிறவன் சொல் மட்டும்தான் கொடுக்கிறான். படம் வரைகிறது கேட்கிற பிள்ளை. இதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னொரு படம் நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு ஷாட்டை மட்டும் மறுபடி பார். ஆஸ்பத்திரிக் கதவின் சாவித்துவாரம் வழியாக வெயில் உள்ளே விழுகிறது. வெளியே நிற்கிற குதிரை சுவரில் தலைகீழாக அசைகிறது. குழந்தை வாயைப் பிளந்து பார்க்கிறாள். இதில் மாயமே இல்லை. இருட்டறையில் சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தால் மேலே இருப்பது கீழேயும் கீழே இருப்பது மேலேயும் போய் விழும். கேமரா பிறந்ததே இதிலிருந்துதான். அத்தனை நாடு சுற்றி எடுத்த படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி ஒரு கதவு ஓட்டையில் இருக்கிறது.

யானை கடலில் நீந்துவதும் அப்படித்தான். அது கிராபிக்ஸ் இல்லை, அந்தமானில் எடுத்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து அந்தப் பெரிய பாதங்கள் மெதுவாகத் துழாவுவதைப் பார்க்கும்போது, யாரோ கணினியில் செய்தது என்ற எண்ணம் கொஞ்சமும் வருவதில்லை. நிஜம் என்று தெரிந்து பார்க்கிற ஆச்சரியம் வேறு மாதிரி உடம்பில் இறங்குகிறது.

சரி, குறைகள். என்னுடையவை உன்னுடையவை அல்ல.

ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரை என்ன செய்திருக்கிறார் பார். அது 18-ஆம் நூற்றாண்டில் சவாய் ஜெய்சிங் கட்டிய வானியல் கூடம். அங்கே இருக்கிற சாம்ராட் யந்திரம் ஏறக்குறைய 27 மீட்டர் உயரம், உலகத்திலேயே பெரிய கல் சூரியக் கடிகாரம். அதன் நிழல் நகர்வதை வைத்து நேரத்தை நொடிக்கணக்கில் படிக்கலாம். படத்தில் அந்த இடம் ஒரு பெண் வழி தெரியாமல் ஓடி, மேலிருந்து குதித்துச் சாகிற புதிர்ப்பாதை. ஓடுகிறவள் இந்தியனின் மனைவி. அவளுக்குப் பேரும் இல்லை, பேச்சும் இல்லை, அழகாக விழுவது மட்டும்தான் வேலை. எக்ஸ்ரே கவசம் குழந்தையின் பயத்திலிருந்து வந்தது. இந்தப் புதிர்ப்பாதை குழந்தை மனதிலிருந்து வரவில்லை, கேமரா பிடித்தவரின் ஆசையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. நீ விளம்பரம் என்றது இந்த மாதிரி இடங்களைத்தான் என்று நினைக்கிறேன். ராயின் கதையில் வருகிற இளவரசியும் அப்படித்தான். ஆடை வடிவமைப்பாளர் எய்கோ இஷியோகா வடிவமைத்துக் கொடுத்த ஆடைகள் அற்புதம், ஆனால் ஆடைக்குள்ளே ஆள் இல்லை.

இன்னொன்று என்னை உண்மையிலேயே வருத்தியது. விடுதலையான அடிமையாக வருகிறவனுக்கு ஓட்டா பெங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு காங்கோ மனிதர் இருந்தார். 1906-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில், குரங்குக் கூண்டில் அவரை நிறுத்தி ஜனங்களுக்குக் காட்டினார்கள். பத்து வருஷம் கழித்து அவர் தற்கொலை செய்துகொண்டார். அவ்வளவு கனமான பெயரைத் தூக்கி, அம்பு தைத்துச் சாகிற ஒரு துணைப் பாத்திரத்துக்குப் போட்டுவிட்டுக் கடந்து போகிறது படம். பெயரை எடுத்தால் கொஞ்சமாவது சுமக்க வேண்டாமா?

நடுவில் தொய்கிறது என்றாய். ஆமாம், தொய்கிறது. ராய்க்குக் கதையில் அக்கறை இல்லை என்பதால் அது தொய்யத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் ஒரு இருபது நிமிஷத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

ஆனால் கடைசிப் பகுதியை நீ வேகமாகக் கடந்துவிட்டாயோ என்று சந்தேகம். ராய் குடித்துவிட்டு, கதையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போகிறான். குழந்தை அழுகிறாள், ஏன் எல்லாரையும் சாகடிக்கிறாய் என்று கெஞ்சுகிறாள். இது என் கதை என்கிறான். எனக்கும்தான் என்கிறாள். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். உனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கசப்பு மருந்து. ஒரு மூடி மருந்துக்கு ஒரு துண்டுக் கதை என்று தினமும் ராத்திரி படகுக்காரனும் அவன் நாயும் போகிற கதையைச் சொல்லுவேன். எனக்கு வேலை போயிருந்த சமயம் அது. உனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் அப்போது சொல்லியிருக்கவில்லை. ஒரு ராத்திரி, அலை வந்தது, நாய் போய்விட்டது, கதை முடிந்தது, தூங்கு என்று சொல்லிவிட்டேன். நீ ரொம்ப நேரம் அழுதாய். மருந்து கசக்கிறது என்று நினைத்துச் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கதை கேட்கவும் இல்லை.

இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்த ராத்திரி அடிக்கடி ஞாபகம் வருகிறது. நாயின் நிறத்தை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. உனக்கு அது என்ன நிறத்தில் இருந்தது? நினைவிருந்தால் எழுது பாப்பா.

அன்புடன்,
அப்பா