கோப்பையைத் தூக்கினான், தபால்தலையை விட்டுவிட்டான்

அன்புள்ள மாப்ள,

நீ அனுப்பிய பார்சல் வந்து பத்து நாளாகிறது, பதில் போடத் தாமதமானதற்குத் திட்டாதே. வெள்ளையடிப்பதற்காக அலமாரியை நகர்த்தியதில் தபால்தலை ஆல்பங்கள் எல்லாம் கட்டிலடிக்குப் போய்விட்டன. எடுத்துப் பார்த்தால் மூன்று பக்கங்களில் பழுப்புப் புள்ளி. ஈரம்தான், வேறென்ன. கெட்டது எல்லாம் அந்தப் பளபள ஜாதி என்பதால் நான் பெரிதாக அழவில்லை. பள்ளிக்கூட வாசலில் பாக்கெட் போட்டு விற்பார்களே, அஜ்மான், ஃபுஜைரா என்று வளைகுடாக் குட்டி நாடுகளின் பெயரில் கலர் கலராக, ஒன்றுக்காக நாம் சட்டையைப் பிடித்துக்கொண்டோமே, அவைதான். முத்திரை குத்தியிருக்கும், ஆனால் திருப்பினால் பசை அப்படியே இருக்கும். எந்தக் கடிதத்திலும் ஏறாமல், நம்மைப் போன்றவர்களுக்கென்றே அடித்தது.

இப்போது எனக்கு வேறு கிறுக்கு. கால்பந்து ஆட்டம் முடிந்து, முடிவைப் பார்த்த பிறகு அவசரமாக அச்சான தபால்தலை மட்டும் போதும். போட்டிக்கு முன்னால் வருவதெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி, ஒரே மங்களமாக இருக்கும். பந்தலில் என்ன நடந்தது என்று அதில் தெரியுமா?

அதனால்தான் பார்சலில் இருந்த உன் தபால் உறையைப் பார்த்ததும் குதித்தேன். 1966 ஜூன் 1 அன்று இங்கிலாந்து மூன்று உலகக் கோப்பைத் தபால்தலைகள் வெளியிட்டது. ஜூலை 30 அன்று இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்றதும், அதில் டேவிட் ஜென்டில்மேன் வரைந்த நாலு பென்ஸ் தபால்தலையையே 'இங்கிலாந்து வின்னர்ஸ்' என்று சேர்த்து ஆகஸ்ட் 18 அன்று மறுபடி விட்டார்கள். ஜனம் வரிசையில் நின்று வாங்கிப் பதுக்கியது. எல்லாரும் பதுக்கினால் எப்படி விலை ஏறும்? முத்திரை விழாதது இன்றைக்கும் சல்லிசுதான். ஆனால் உன் உறையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், முத்திரை 'ஹாரோ அண்ட் வெம்பிளி', அதே ஆகஸ்ட் 18! ஆட்டம் நடந்த பேட்டையின் முத்திரை. மற்ற ஊர் முத்திரையை விட இதற்குத்தான் கிராக்கி. தெரிந்து வாங்கினாயா, குருட்டு அதிர்ஷ்டமா?

அதே வருஷம் மார்ச் 20, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு தபால்தலைக் கண்காட்சியில்தான் அந்த உலகக் கோப்பையையே திருடினார்கள், தெரியுமோ? சுற்றிலும் கோப்பையைவிடப் பல மடங்கு விலைபோகும் தபால்தலைகள் இருக்க, திருடன் மினுக்குவதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஒரு வாரம் கழித்துப் பிக்கிள்ஸ் என்ற நாய் மோப்பம் பிடித்தது, செய்தித்தாளில் சுற்றிக் கிடந்ததாம். திருடனுக்கும் நம் சிறுவயதுப் புத்திதான்.

அடுத்து நான் துரத்துவது ஹங்கேரி. 1953-இல் புடாபெஸ்டில் மக்கள் அரங்கம் என்ற ஸ்டேடியம் திறந்தபோது தபால்தலை போட்டார்கள். அந்த நவம்பர் 25 அன்று வெம்பிளியில் ஹங்கேரி கேப்டன் புஷ்காஷின் கூட்டம் இங்கிலாந்தை 6-3 என்று துவைத்ததும், புதிதாக வரைய யாருக்கும் பொறுமையில்லை போலும், அந்த அரங்கத் தபால்தலை ஒன்றின் மேலேயே ஊர், தேதி, 6:3 என்று அச்சடித்துவிட்டார்கள். ஸ்கோரைப் பேனாவால் கிறுக்கியது போல ஒரு சந்தோஷம் அதில். அடுத்த ஜூலையில் பெர்னில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றார்கள், பாவம்.

ஒன்று கேட்டால் கோபிக்காதே. உறையை அட்டையோடு சேர்க்க செல்லோடேப்பா ஒட்டுவாய்? பின்பக்கம் ஒரு விரற்கடை அளவு பிசின் இறங்கிவிட்டது, முன்பக்கம் தப்பித்தது உன் புண்ணியம். மூலைக்கு நாலு காகித முக்கோணம் போதும் மாப்ள.

நம்ம தபால்துறை 1986 மெக்ஸிகோ போட்டிக்கு விட்ட ஐந்து ரூபாய்த் தபால்தலை என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்று உனக்கு. முட்டிவலி தேவலை என்றால் தை பிறந்ததும் வா, ஹங்கேரிக்காரனுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று அதற்குள் விசாரித்து வைக்கிறேன், பாதி நீ போடு.

உன் பழைய கோல்கீப்பர்