நடு குரல் பாடற என் பையனுக்கு

டேய் கண்ணா,

உங்க பாட்டு க்ரூப்புல உனக்கு மேல் குரலுக்கும் கீழ் குரலுக்கும் நடுவுல வர்ற நடு குரல் குடுத்துட்டாங்கன்னு போன்ல உர்ருன்னு பேசினியே, நான் பாடறது எவனுக்கு கேக்கப்போகுதுன்னு, அதுக்குத்தான் இந்த லெட்டர். மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர்னு நாலு பேர் சேந்து பாடற அமெரிக்க ஜாஸ் க்ரூப்போட பெஸ்ட் ஆஃப் ஆல்பம், 1981ல வந்தது, அத உக்காந்து கேளு. ஹிட்ஸ் கலெக்‌ஷன்லாம் சோம்பேறிங்க கேக்கறதும்மான்னு உடனே ஆரம்பிக்காத, இத கேக்க சொல்றதுக்கு காரணம் இருக்கு.

இந்த க்ரூப்ப சேத்தவரு டிம் ஹவுஸர்னு ஒருத்தர், 1972ல நியூயார்க்ல டாக்ஸி ஓட்டிட்டு இருந்தாரு, அவர் வண்டியில ஏறினவங்கதான் லாரல் மாஸே, அப்புறம் ஜேனிஸ் சீகல், ஆலன் பால்னு நாலு பேர் ஆயிட்டாங்க. 1978ல லாரலுக்கு கார் ஆக்சிடென்ட் ஆகி அவங்க க்ரூப்ப விட்டுட்டாங்க, அந்த இடத்துக்கு ஷெரில் பென்டைன் வந்தாங்க. ஆல்பத்துல இருக்கற 12 பாட்டுல சரிபாதி லாரல் இருந்தப்போ பாடினது, மீதி ஷெரில் வந்தப்புறம், ரெண்டும் கலந்து கலந்து வருது. ஒரு குரல் முழுசா மாறியும் க்ரூப்போட சத்தம் எப்படி அப்படியே நிக்குதுன்னு கவனிச்சுப் பாரு, அது வேற எந்த தனி ஆல்பத்துலயும் உனக்கு கிடைக்காது.

ஃபோர் பிரதர்ஸ் பாட்டுல ஆரம்பி. 1947ல வுடி ஹெர்மன் பேண்டுக்காக ஜிம்மி ஜூஃப்ரி எழுதினது, மூணு டெனர் சாக்ஸஃபோன், அதைவிட கீழ் ஸ்வரத்துல ஒரு பாரிடோன் சாக்ஸஃபோன், ஒட்டிகிட்டே ஓடும். அதுக்கு ஜான் ஹெண்ட்ரிக்ஸ் வார்த்தை போட்டு, சாக்ஸஃபோன் வாசிச்சத இவங்க நாலு பேரும் தொண்டையில பாடறாங்க, மூச்சு எங்க விடறாங்கன்னே தெரியல எனக்கு. இதுல நடுவுல இருக்கறவன் ஒருத்தன் வாய மூடினா அந்த கார்டு, அதான் நாலு ஸ்வரமும் ஒண்ணா சேந்து கேக்கறது, பொக்கை வாயாயிடும்டா.

அப்புறம் பேர்ட்லேண்ட். வெதர் ரிப்போர்ட்னு ஒரு ஜாஸ் பேண்டு 1977ல வாசிச்ச ஜோ ஸாவினுல் ட்யூன், வார்த்தையே கிடையாது, ஹெண்ட்ரிக்ஸ்தான் எழுதி குடுத்தாரு. யாருக்கு எந்த நோட்டுன்னு பிரிச்சு குடுத்தது யாரு தெரியுமா, ஆல்டோ, அதாவது பெண் குரல்ல கீழ்ப்பக்கம் இருக்கற லைன், பாடற ஜேனிஸ் சீகல்! அந்த அரேஞ்ச்மெண்டுக்கு கிராமி வேற வாங்கினாங்க. நடுவுல நின்னு பாடறவங்களுக்கு மேலயும் கீழயும் என்ன நடக்குதுன்னு காது பழகிடும்னு நான் நெனைக்கிறேன், நீயும் உங்க க்ரூப்புக்கு ஒரு பாட்டு பிரிச்சு எழுதிப்பாரேன்.

நம்ம வீட்டுல கச்சேரி கேட்டு வளந்தவங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம், ஒரே குரல் பின்னாடியே போய் பழகிட்டோம், எனக்கே மெயின் ட்யூன விட்டுட்டு நடு குரல புடிக்க ரொம்ப நாளாச்சு. கடைசில வர்ற நைட்டிங்கேல் பாட்ட ஹெட்ஃபோன்ல கேளு, வாத்தியமே இல்ல, நாலு குரல் மட்டும், ஜீன் பெர்லிங் அரேஞ்ச்மெண்ட். ட்யூன கேக்காம நடு குரல மட்டும் புடிச்சிகிட்டு போ, அது எங்கெங்கயோ நுழைஞ்சு வெளிய வரும்.

ஒரே குறை, 1977ல இங்கிலாந்துல நம்பர் ஒன் ஆன ஷான்ஸோன் டமூர் நம்ம காப்பில இல்ல, ஏன்னு தெரியல, எனக்கு கோவம்தான். உங்கப்பாவுக்கு ஜாவா ஜைவ் ஒண்ணு போதும், காபி பாட்டுன்னு தெரிஞ்சதுலேருந்து டம்ளரோட வந்து உக்காந்துடறாரு.

ஞாயித்துக்கிழமை போன் பண்றப்போ நைட்டிங்கேல்ல உன் லைன பாடிக் காட்டு, மேல் குரல நான் பாடறேன்.

அம்மா